மண்ணைச் சோதிக்கக் காசில்லையா?

உடம்புக்கு நோய் வந்தால் முதலில் ரத்தத்தைச் சோதிக்கிறோம். பிறகுதான் மருந்து. பாலாற்றங்கரையில் மண்ணுக்கு நோய் வந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. வழக்கு நடந்தது. தீர்ப்பு வந்தது. நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. ஆனால், "என் வயலில் எந்த விஷம், எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கும் ஏழை விவசாயிக்கு மட்டும் இன்றுவரை நேரான பதில் இல்லை!

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. தோல் வணிகத்தால் உலகம் அறிந்த ஊர்கள் இவை. நம் சமுதாயத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் இது. அதே தொழிலின் கழிவுதான் அக்கம்பக்கத்துக் கிராமங்களின் கிணறுகளையும் கழனிகளையும் கெடுத்தது. இதை மறைப்பதில் நமக்கு எந்தப் பெருமையும் இல்லை.

28-8-1996 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் ரூ.10 ஆயிரம் அபராதம் விதித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் வேலூர் மாவட்டத்தில் 29 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு ரூ.26 கோடிக்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. அந்தப் பணம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா? பாக்கி இருந்தால் ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று 30-1-2025 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டி வந்ததே, அதுவே பதில்!

அரசுக்குப் பங்கில்லையா?

ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டவர்கள் நம் முன்னோர். அவர்களைக் குரோமியத்தின் பக்கம் திருப்பியது யார்? 1972-ல் சீதாராமையா குழு பரிந்துரை செய்தது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. முழுமையாக்கிய தோலை அனுப்பு, அந்நியச் செலாவணி கொண்டுவா என்றது. வந்த செலாவணியை எண்ணி வாங்கிக்கொண்ட அரசு, கழிவு எங்கே போகிறது என்று அன்றே பார்த்திருக்க வேண்டாமா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் தோலுக்கு வேண்டிய குரோமிய ரசாயனம் தயாரித்த ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போனது. கால் நூற்றாண்டு கழிந்தும் அந்த மலை அங்கேயே கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்தது. ஆலைக்காரர் போய்விட்டார். மண் எங்கே போகும்?

சட்டம் வந்தது, நிதி எங்கே?

மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு ஜூலை 2025-ல் தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்ய வேண்டும் என்கின்றன அவ்விதிகள். நல்லது, வரவேற்போம். ஆனால் அந்த விதிகள் வந்த நேரத்தில் நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்டிருந்த இடங்கள் 103. சுத்தம் செய்யும் வேலை தொடங்கியிருந்ததோ வெறும் 7 இடங்களில்! இந்த வேகத்தில் போனால் குக்கிராமத்துக் கழனியின் முறை எப்போது வரும்?

அமெரிக்காவில் 2002-ல் வந்த சட்டப்படி, மாசடைந்த நிலத்தைச் சோதிப்பதற்கென்றே உள்ளாட்சிகள் மத்திய அரசிடம் மானியம் கேட்டுப் பெறலாம். சிற்றூருக்கும் அந்த உரிமை உண்டு. சோதிக்கவே வழியில்லாத ஊர் சுத்தம் செய்வது எப்படி என்ற எளிய நியாயம்தான் அது. நம் ஊராட்சிகள் என்ன பாவம் செய்தன?

நம் கோரிக்கை இதுதான். பாலாற்றுப் படுகையில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் மண், கிணற்று நீர்ச் சோதனைக்கென்று தனி நிதி ஒதுக்க வேண்டும். சர்வே எண் வாரியாகச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி நிலத்துக்காரர் கையில் கொடுக்க வேண்டும். கிராம சபையில் வாசிக்க வேண்டும். செலவை முதலில் அரசு போடட்டும். பிறகு கெடுத்தவரிடம் வசூலிக்கட்டும்.

வணிகப் பெருமக்களே! சோதனை என்றதும் ஏன் அஞ்ச வேண்டும்? கணக்கு இல்லாததால்தான் சுத்திகரிப்புக்குப் பணம் கட்டி முறையாக நடத்துபவரும், இரவில் கழிவைத் திறந்துவிடுபவரும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறீர்கள். சோதனை நடந்தால் நேர்மையானவர் தலைநிமிரலாம். தப்பு செய்தவர் தப்பைக் கட்டட்டும். அவர் நம்மவர் என்பதற்காக நாம் குடை பிடிக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! அடுத்த கிராம சபைக்கு மனுவோடு போங்கள். பக்கத்துக் கிராமத்து விவசாயியையும் கையோடு அழைத்துப் போங்கள். அவர் வேறு சமூகமாக இருக்கலாம். அவர் குடிக்கும் நீரும் நாம் குடிக்கும் நீரும் ஒரே ஆற்றின் நீர்தான்.

நோய் என்னவென்று சொல்லாமல் நோயாளியின் கையில் காசைத் திணிப்பது வைத்தியமல்ல, கண்துடைப்பு. ஆட்சியாளர்களே, முதலில் மண்ணைச் சோதியுங்கள்!