எந்த விதி? எந்தச் சான்று?



ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகளையும் காலணித் தொழிற்கூடங்களையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. வெளிநாட்டுக் கொள்முதலாளர் பலர் சரக்கின் தரத்தோடு தரச் சான்றிதழையும் எதிர்பார்க்கின்றனர். தணிக்கை நாள் நெருங்க நெருங்க, அங்கே தரப் பொறுப்பிலிருக்கும் உங்கள் மகனோ மகளோ உறக்கமின்றித் தவிப்பதைக் கண்டிருப்பீர்கள். வரப்போகும் வெளித் தணிக்கையாளர் கடுமையானவர் என்று கேள்விப்பட்டுவிட்டாலோ வீட்டிலேயே அச்சம் குடியேறிவிடுகிறது. தணிக்கையாளரும் எழுதப்பட்ட விதிக்குக் கட்டுப்பட்டவரே என்னும் தெளிவு பிறந்தால் அந்த அச்சம் பெரிதும் நீங்கிவிடும்.

ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டு அமைப்பு தர நெறிகளை வகுக்கிறதே அன்றி, யாருக்கும் தானே சான்றிதழ் வழங்குவதில்லை. அதனை வழங்குபவை தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள். அவை நடக்க வேண்டிய முறையை ஐ.எஸ்.ஓ. 17021-1 என்னும் நெறி வகுத்துள்ளது. அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, குறையொன்றை எழுதும் தணிக்கையாளர், எந்த விதி நிறைவேறவில்லை, அதற்குத் தாம் கண்ட சான்று யாது என்னும் இரண்டையும் குறித்தாக வேண்டும். ஆகவே, "ஐயா, இது எந்தப் பிரிவின்படி? தாங்கள் கண்ட சான்று எது?" என்று பணிவோடு கேட்பது அடாவடி அன்று, உரிமையே ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். "தரக் கையேடு எங்கே? இல்லையென்றால் குறை எழுதுவேன்" என்று ஒருவர் அதட்டுகிறார் என்று கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 9001 நெறியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு அதனைக் கட்டாயமாக்கியிருந்தது. 2015ஆம் ஆண்டுப் பதிப்போ அக்கட்டாயத்தை நீக்கிவிட்டது. நெறிநூலைப் பிரித்து அமைதியாகக் காட்டினால் வாக்குவாதத்துக்கே இடமிராது.

ஆனால் கடுஞ்சொல் பேசுகிறவர் கூறுவதெல்லாம் தவறு என்று எண்ணிவிடலாகாது. தோலின் தடிமனை அளக்கும் கருவி உரிய காலத்தில் சரிபார்க்கப்படாமல் கிடந்தால், அவர் உரத்த குரலில் சொன்னாலும் மெல்லச் சொன்னாலும் அது குறைதான். அவ்வேளையில் முன்தேதியிட்டுப் பதிவேட்டை நிரப்பும் ஆசை எழும். வேண்டாம்! பதிவேடு என்பது கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பொய்ப் பதிவு வெளிப்பட்டால், உண்மையான பதிவுகளையும் யார் நம்புவார்? மேலும், ஒரு சிறு குறையினால் சான்றிதழ் பறிபோய்விடுவதில்லை. காரணத்தைக் கண்டறிந்து, திருத்தும் திட்டத்தை அளித்து, அது ஏற்கப்பட்டால் போதும். பெருங்குறையாயின், திருத்தியதை அவர்கள் சரிபார்த்த பின்னரே சான்றிதழ் கிட்டும். அதுவும் முடியாத காரியமன்று.

தணிக்கையாளரின் முடிவு நியாயமற்றது என்று தோன்றினால் என் செய்வது? நிறைவுக் கூட்டத்தில் மறுப்பைத் தெரிவித்து, தீராத கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்யுமாறு கேளுங்கள். அது சான்றளிப்பு நிறுவனத்தின் பார்வைக்குச் சென்றாக வேண்டும். சான்றிதழ் பற்றி இறுதி முடிவு எடுப்பவர், தணிக்கை செய்தவர் அல்லாத வேறொருவரே. முறையீடு செய்ததற்காகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்றும் அந்நெறி கூறுகிறது. அடுத்த முறை வரவிருப்பவரின் பெயரை முன்கூட்டியே அறியவும், தக்க காரணமிருந்தால் ஆட்சேபிக்கவும் வழியுண்டு.

"இன்ன ஆலோசகரை அமர்த்தினால் சான்றிதழ் எளிதில் கிடைக்கும்" என்று எவரேனும் குறிப்புக் காட்டினால், அங்கே விழிப்பாயிருங்கள். சான்றளிப்பு நிறுவனம் அவ்வாறு சொல்வதையும் உணர்த்துவதையும் அதே நெறி தடுக்கிறது. அன்பளிப்பு எதிர்பார்க்கப்பட்டால், கொடுக்காமல் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவிப்பதே பாதுகாப்பு.

பெற்றோரே, தணிக்கை முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது, "எத்தனை குறை?" என்று கேட்காதீர்கள். "உள்ளதை உள்ளபடி காட்டினாயா?" என்று கேளுங்கள். அதற்கு "ஆம்" என்று சொல்ல முடிந்தவருக்கு எந்தத் தணிக்கையாளரின் முன்னும் தலை குனியும் நிலை வராது.