பங்கு வாங்குமுன் கிணற்றைப் பாருங்கள்

தோட்டக் காணி வாங்கச் செல்லும் நம் விவசாயி உறுதியை மட்டும் வாசித்து விட்டுத் திரும்புவதில்லை. கிணற்றில் எத்தனை பங்கு, வாய்க்கால் எவர் நிலத்தூடு வருகின்றது, ஈடு ஏதும் உண்டா என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே முற்பணத்தை எண்ணி வைக்கின்றார். ஆனால், அவருடைய மகன் பொறியியலாளராகி, தந்தை தேடிய தேட்டத்தைக் கொண்டு ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பங்கு வாங்கப் புகும்போது, கணக்கறிக்கையின் இறுதியிலுள்ள இலாபத் தொகையைக் கண்டு மயங்கி விடுகின்றார். இம்மயக்கம் குடும்பங்களின் முதலையே அழிக்க வல்லது.

ஆலோசனை நிறுவனத்தில் விலைப்படுவது யாது? ஆலையுமில்லை, களஞ்சியமுமில்லை. அறிவும் நற்பெயருமே அதன் சொத்து. அவை மனிதரோடு வருவன; மனிதரோடே போவன. 1913ஆம் ஆண்டு சிக்காகோவில் தோன்றிய ஆர்தர் அண்டர்சன் நிறுவனம், கணக்காய்விலும் ஆலோசனையிலும் உலகப் புகழ் பெற்று, ஏறத்தாழ 85,000 ஊழியரைக் கொண்டிருந்தது. என்ரோன் விவகாரத்தில் 2002இல் அது குற்றவாளியாகக் காணப்பட்டது; வாடிக்கையாளரும் கலைந்தனர். 2005இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. தீர்ப்பு நீங்கியது, போன வாடிக்கையாளர் மீண்டனரோ? இல்லை.

ஆகவே, முதற்கேள்வி இது: விற்பவர் நாளை விலகினால் எஞ்சுவது என்ன? வருமானத்தின் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகின்றதா? ஒப்பந்தங்கள் நிறுவனத்தின் பேரிலா, தனி மனிதரின் நட்பிலா?

இரண்டாவது, இலாபம் மெய்யான இலாபமா? ஓர் உதாரணம் கூறுவோம். அறிக்கை ஒரு கோடி ரூபா இலாபம் காட்டுகின்றது. ஆனால், உரிமையாளர் தமது உழைப்புக்குச் சம்பளம் எடுக்கவில்லை. அவரிடத்தில் வேறொருவரை அமர்த்த 40 இலட்சம் வேண்டுமாயின், மெய் இலாபம் 60 இலட்சமே. நான்கு ஆண்டு இலாபத்தை விலையெனக் கொண்டால், நூற்றுக்கு 30 பங்கின் பெறுமதி 120 இலட்சமன்று; 72 இலட்சம். அன்றியும், ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை, வரி ஆகியவற்றில் நிலுவை உண்டாயின், அதையும் கழித்தே விலை பேச வேண்டும்.

மூன்றாவது, அதிகாரம் எவரிடம்? கம்பனியாயின், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி விசேட தீர்மானத்துக்கு நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும். 30 பங்குடையார் அத்தகைய தீர்மானத்தைத் தடுக்கலாம். ஆயினும், பங்கிலாபம் தரும்படி பணிப்பாளர் சபையை அவ்வாக்குகளால் மட்டும் பணிக்க முடியாது. கூட்டு வியாபாரமாயின் அபாயம் இன்னும் பெரிது. இலங்கையில் இவ்விடயத்தை ஆளும் ஆங்கிலச் சட்டப்படி, மற்றைக் கூட்டாளிகள் அனைவரும் இசையாவிடில், பங்கை வாங்கியவர் இலாபத்தில் பங்கு பெறலாமேயன்றிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் உரிமையில்லை. இசைந்து கூட்டாளியாக்கினாலோ, அதன்பின் நிறுவனம் படும் கடனுக்கு அவருடைய வீடு வளவும் பொறுப்பாகும்.

பங்கு வாங்கவே வேண்டாம் என்பது எமது வாதமன்று. நம்மவர் முதலும் நம்மவர் கல்வியும் கூடித் தொழில் வளர்வதை நாம் விரும்புகின்றோம். ஆனால், விலையில் ஒரு பகுதியை இன்றும், எஞ்சியதை வாடிக்கையாளர் நிலைப்பதைக் கண்டு மூன்று ஆண்டுகளிலும் கொடுப்பதென எழுதுங்கள். விற்பவர் பிரிந்து சென்று அதே வாடிக்கையாளரை அழைப்பதை, நியாயமான கால எல்லை வைத்துத் தடுத்து எழுதுங்கள். கணக்குப் பார்க்கும் உரிமையையும், விலகும்போது பங்குக்கு விலை காணும் முறையையும் எழுதுங்கள். உறவினர்தானே, ஊரவர்தானே என்று எழுத்தின்றி விடுவதே பின்னாளில் உறவையும் ஊரையும் நீதிமன்ற வாசலில் நிறுத்துகின்றது.

இவற்றை எழுத மறுப்பவரிடம் பங்கு வாங்காதிருத்தலே இலாபம்.