கையெழுத்து ஒருவருடையது, எழுத்து வேறொருவருடையது

நீண்ட பதிவு இது. பல்கலைக்கழகத்தில் இருப்போர் பொறுமையோடு இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். குற்றச்சாட்டு நம் அனைவர் மீதும்தான், என்னையும் சேர்த்து.

சில மாதங்களுக்கு முன் என் தோழி ஐந்து பரிந்துரைக் கடிதங்களை அனுப்பி, “இலக்கணம் மட்டும் ஒருமுறை பார்த்துவிடு” என்றாள். முதுகலையில் என்னோடு மொழியியல் பயின்றவள். இப்போது அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில் ஆய்வாளராக இருக்கிறாள். தரவு குறைந்த மொழிகளுக்கான பேச்சறி தொழில்நுட்பம் அவளது துறை. அதற்காக நீலகிரி அடிவாரத்தில் இருளர் குடியிருப்புகளுக்குச் சென்று இரண்டு கோடைகள் பேச்சுப் பதிவு செய்தவள். நிரந்தரக் குடியுரிமைக்கான மனுவை ஒரு வழக்கறிஞரின் துணையோடு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள்.

கடிதங்களில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் மூன்றாவது கடிதத்தைப் படிக்கும்போதே எனக்கு ஐயம் எழுந்தது. ஒருவர் ஜெர்மனியில் இருப்பவர், இருவர் அமெரிக்கர், இருவர் இந்தியர். ஐவரின் கட்டுரைகளையும் நான் படித்திருக்கிறேன். ஒருவர் ‘ஒருவேளை’, ‘பெரும்பாலும்’ என்னும் சொற்களின்றி ஒரு வாக்கியத்தையும் முடிக்கமாட்டார். இன்னொருவர் பெயரடைகளை வெறுப்பவர். ஆனால் கடிதங்களில் ஐவரும் மூன்று மூன்று பெயரடைகளாக அடுக்கினர். இரண்டாம் பத்தியை ஒரே இணைப்புச் சொல்லால் தொடங்கினர். ‘எவ்விதத் தயக்கமுமின்றி’ என்று பொருள்படும் ஒரே தொடரால் முடித்தனர். ஐந்து கடிதங்களிலும் ‘இருளா’ என்ற மொழிப்பெயர் ஓரிடத்திலும் இல்லை.

கேட்டதும் தோழி மறைக்கவில்லை. “வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுதினார்கள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். பேராசிரியர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்” என்றாள்.

எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது ஏறத்தாழ உண்மை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வேலைவாய்ப்பு சார்ந்த நிரந்தரக் குடியேற்றத்தைப் பல பிரிவுகளாகப் பகுத்தது. இரண்டாம் பிரிவில், உயர்கல்வி பெற்றவர்களுக்குப் பொதுவாக ஒரு முதலாளியின் வேலை உறுதியும் தொழிலாளர் துறைச் சான்றும் வேண்டும். ‘தேசிய நலன் விலக்கு’ பெற்றால் அவ்விரண்டும் வேண்டியதில்லை. விண்ணப்பதாரர் தாமே மனுச் செய்யலாம். அந்த விலக்கை எப்போது வழங்கலாம் என்பதைக் குடியேற்றத் துறையின் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் 2016 டிசம்பரில் ‘தனசார்’ முடிவில் வரையறுத்தது. மேற்கொள்ளும் பணி கணிசமான தகுதியும் தேசிய அளவிலான முக்கியத்துவமும் உடையதாக இருக்க வேண்டும்; அதை முன்னெடுத்துச் செல்லும் தகுதிநிலையில் அவர் இருக்க வேண்டும்; வேலை உறுதி என்ற நிபந்தனையைத் தளர்த்துவதால் நாட்டுக்கு நன்மை விளைய வேண்டும்.

இம்மூன்றையும் மெய்ப்பிக்கத்தான் துறை அறிஞர்களின் கடிதங்கள் இணைக்கப்படுகின்றன. அதிகாரிக்கு ஒலியியலும் தெரியாது, கணினி மொழியியலும் தெரியாது. ஆகவே அவர் துறை அறிந்தவரின் சொல்லை நாடுகிறார். விண்ணப்பதாரரோடு சேர்ந்து பணியாற்றாத, ஆய்வின் வழியாக மட்டுமே அவரை அறிந்த ஒருவரின் கடிதத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. ‘சாட்சி’ என்ற வடசொல்லின் வேரிலேயே கண் இருக்கிறது. கண்டவர் சொல்வதே சாட்சி.

எர்விங் காஃப்மன் 1981இல் வெளிவந்த தம் நூலில் ‘பேசுபவர்’ என்ற ஒற்றைச் சொல்லை மூன்றாகப் பிரித்துக் காட்டியதை மொழியியல் மாணவர்கள் அறிவர். ஒலிப்பவர் ஒருவர், சொற்களைத் தெரிந்தெடுத்து ஆக்கியவர் ஒருவர், அச்சொற்களுக்குப் பொறுப்பேற்பவர் ஒருவர். அமைச்சரின் உரையை அவருடைய செயலர் எழுதுகிறார். அதில் எவரும் ஏமாறுவதில்லை, ஏனெனில் அந்த வழக்கம் கேட்போருக்குத் தெரியும். வல்லுநரின் கருத்து அத்தகையதன்று. அதன் மதிப்பு முழுவதும் சொல்லை ஆக்கியவரும் பொறுப்பேற்பவரும் ஒருவரே என்ற நம்பிக்கையில் அடங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கையை விலக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு முகவரித்தாளும் ஒரு கையெழுத்தும்தான்.

நம் துறையின் வரலாற்றில் இதற்கு ஒரு துயரமான முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தில் டெரெக் பென்ட்லி என்ற பத்தொன்பது வயது இளைஞன் 1953 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான். அவன் தானே சொன்னதாகக் காவல்துறை எழுதி அளித்த வாக்குமூலத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் மால்கம் கூல்தார்ட் ஆராய்ந்தார். இயல்பான ஆங்கிலப் பேச்சில் ‘தென் ஐ’ என்று வர வேண்டிய இடங்களில் ‘ஐ தென்’ என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்திருந்தது. அது காவல்துறை அறிக்கைகளின் வழக்கு. 1998இல் தண்டனைத் தீர்ப்பு நீக்கப்பட்டபோது, விசாரணை நீதிபதி நடுவர் குழுவுக்கு அளித்த வழிகாட்டுதலின் குறைகளே முதன்மைக் காரணமாக இருந்தன. ஆயினும் ஒருவரின் பெயரில் இன்னொருவரின் குரல் புகுந்தால் மொழி அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்கு அந்த வழக்கை இன்றும் வகுப்பறைகளில் எடுத்துக்காட்டுகிறோம். தூக்குக் கயிற்றையும் குடியேற்ற மனுவையும் நான் ஒப்பிடவில்லை. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் நெறி, நம் கையெழுத்து என்று வரும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது என்று கேட்கிறேன்.

எதிர்வாதங்களை நான் அறியாதவள் அல்லள். அவற்றுள் வலிமையானது நீதி பற்றியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 வேலைவாய்ப்புக் குடியேற்ற இடங்கள். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பு. பிறந்த நாடே கணக்கு. 2025ஆம் ஆண்டின் நடுவில், இந்தியாவில் பிறந்தோருக்கான இரண்டாம் பிரிவு வரிசை 2013இன் தொடக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்று மனுச் செய்பவர் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. எனினும் ஐ-140 மனு ஏற்கப்பட்டால், 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எச்-1பி பணி அனுமதியை ஆறாண்டு வரம்பைக் கடந்தும் நீட்டிக்க முடியும். தோழிக்கு நான்காம் ஆண்டு முடிந்துவிட்டது. இவ்வளவு கோணலான ஒரு வரிசையில் நிற்பவளிடம் போய் எழுத்தறம் பேசுவது எளிது. நான் ஹைதராபாத்தில் விடுதி அறையில் அமர்ந்துகொண்டு பேசுகிறேன். இதை ஒப்புக்கொள்கிறேன்.

வழக்கறிஞர் தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை. எந்தப் பிரிவில் மனுச் செய்வது, எந்தச் சான்று எந்த நிபந்தனைக்கு உரியது, கூடுதல் ஆதாரம் கோரி அறிவிப்பு வந்தால் எவ்வாறு மறுமொழி தருவது, வேலை மாறினால் மனு என்னாகும் என்பவற்றையெல்லாம் பயின்றவர்தான் சொல்ல முடியும். மனுவோடு இணைக்கப்படும் நீண்ட வாதக் கடிதம் வழக்கறிஞரின் பெயரிலேயே செல்கிறது. அதில் அவர் எவ்வளவு வன்மையாக வாதிட்டாலும் அது அவரது தொழில். என் எதிர்ப்பு ஒரே இடத்தில்தான். வாதிடுபவரே சாட்சியின் வாயாகவும் இருத்தல் கூடாது.

“பேராசிரியர்களுக்கு நேரமில்லை, ஆகவே வரைவு அனுப்புகிறோம்” என்பார்கள். நேரமில்லாதவர் சாட்சி சொல்ல வேண்டாம். “படித்துப் பார்த்துத்தானே கையெழுத்திட்டார்” என்பார்கள். தோழியின் ஐவருள் ஒருவர், நெடில் உயிர்கள் பற்றிய அவளது முடிவை ஒரு கருத்தரங்கில் வெளிப்படையாக மறுத்தவர். இருவரும் ஓராண்டு மின்னஞ்சலில் வாதிட்டனர். ஈற்றில் அவர் பாதி ஏற்றுக்கொண்டார், அவளும் பாதி திருத்திக்கொண்டாள். ஒரு ஆய்வாளரின் தகுதிக்கு இதைவிடச் சிறந்த சான்று வேறென்ன உண்டு? அவர் பெயரில் சென்ற வரைவில் அந்த விவாதம் இல்லை. ‘தலைசிறந்த’, ‘முன்னோடியான’, ‘ஈடிணையற்ற’ என்ற மூன்று சொற்கள் இருந்தன.

பயன்நோக்கில் பார்த்தாலும் இது தவறான வழி. விவரமின்றி மிகைச்சொல் மட்டும் நிரம்பிய கடிதங்கள் வழக்குக்கு வலுச் சேர்ப்பதில்லை என்று குடியேற்றத் துறையின் கொள்கைக் கையேடே சொல்கிறது. 2010இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ‘கசாரியன்’ வழக்கில், ஓர் இயற்பியலாளருக்காகச் சக அறிஞர்கள் எழுதிய கடிதங்களும் அவரது பங்களிப்பின் பெருமதிப்பை மெய்ப்பிக்கப் போதவில்லை. நாள்தோறும் இத்தகைய கடிதங்களைப் படிக்கும் அதிகாரிக்கு, நான் மூன்றாம் கடிதத்தில் கண்டது முதல் கடிதத்திலேயே தெரிந்துவிடக்கூடும்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இந்த வழக்கத்தை அமெரிக்க வழக்கறிஞர்கள் நமக்குக் கற்பிக்கவில்லை. “நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்ற வாக்கியத்தைக் கேளாமல் இந்நாட்டில் முதுகலை முடித்தவர் எத்தனை பேர்? இருபத்தொரு வயதில் நம்மைப் பற்றி நாமே, நம் ஆசிரியரின் குரலில், புகழுரை எழுதப் பழகினோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. அந்த ஆய்வேட்டை மென்பொருளில் இட்டுச் சோதித்த அதே கை, தான் எழுதாத கடிதத்தின் அடியில் தயங்காமல் கையெழுத்திடுகிறது. அப்படிப் பழகியவரிடம் கடல் கடந்து ஒரு வழக்கறிஞரின் வரைவு வரும்போது அவர் ஏன் தயங்கப்போகிறார்?

ஆகவே என் கோரிக்கை எளியது. மனுச் செய்வோர், வழக்கறிஞரை அமர்த்தும்போதே கடிதங்களுக்கு வரைவு வேண்டாம், கேள்விகள் போதும் என்று சொல்லுங்கள். எந்த ஆய்வை எப்படி அறிந்தீர்கள், அதனால் துறையில் எது மாறியது, எதில் உங்களுக்கு உடன்பாடில்லை என்ற மூன்று கேள்விகளை அறிஞருக்கு அனுப்பலாம். விடைகளை அவரே எழுதட்டும். சட்டத்துக்குப் புறம்பாக ஏதேனும் இருந்தால் வழக்கறிஞர் சுட்டிக்காட்டட்டும். கையெழுத்திடுவோர் ஒரு பக்கம் எழுத இயலாவிடில் அரைப் பக்கம் எழுதுங்கள். அதுவும் இயலாவிடில் மறுத்துவிடுங்கள். நெறியாளர்கள், மாணவரிடம் தரவைக் கேளுங்கள், புகழுரையைக் கேட்காதீர்கள்.

தோழி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஐவருக்கும் மீண்டும் எழுதினாள். ஒருவர் விடையளிக்கவில்லை. ஒருவர் பழைய வரைவே போதும் என்றார். அந்தக் கடிதத்தை அவள் மனுவிலிருந்து எடுத்துவிட்டாள். மூவர் புதிதாக எழுதினர். விவாதித்த அறிஞரின் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் இருளர் மொழியின் பெயர் நான்கு முறை வருகிறது, நெடில் உயிர்களைப் பற்றி அவர் இன்னும் முழுமையாக உடன்படவில்லை என்பதும் வருகிறது. “இது ஆபத்தான வாக்கியம்” என்று வழக்கறிஞர் எச்சரித்தாராம். அவள் நீக்கவில்லை. மனு சென்றுவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை. நிராகரிக்கப்பட்டால் அதில் என் பங்கும் உண்டு என்பதை நான் அறிவேன்.

கடந்த வாரம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி ஒன்றுக்கு விண்ணப்பிக்க என் நெறியாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். பெருமதிப்புக்குரியவர், என்மீது அன்புள்ளவர். “ஒரு வரைவு அனுப்பிவிடுங்கள்” என்றார். என் ஆய்வேட்டின் மூன்று இயல்களையும், அவற்றின் ஓரங்களில் அவர் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளையும் படியெடுத்து அனுப்பியிருக்கிறேன். வரைவு அனுப்பவில்லை. கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன.