வயசானா அப்படித்தானா?

பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் வீடு கட்டிக் குடியேறிய ஊர், மதுரைக்குப் பக்கத்தில் உள்ள நாகமலை புதுக்கோட்டை. மலையடிவாரத் தெருக்களில் காலையில் நடப்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவருக்கு ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கிடக்கும். இன்னொருவர் முன்னால் குனிந்து காலைத் தேய்த்துத் தேய்த்துப் போவார். "சாருக்கு என்னாச்சு?" என்று வீட்டில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்."

ஊரே ஒத்துக்கொண்ட இந்தப் பதில் தப்பு. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. போகிறவரின் நடையைப் பார்த்தே இது தனியொரு நோய் என்று அவருக்குப் பட்டது. இருநூறு வருடம் கழித்தும் அதே நடையை நாம் வயசின் தலையில் கட்டுகிறோம். வயசுதான் காரணம் என்றால் எண்பதைத் தாண்டிய எல்லோருக்குமே கை நடுங்க வேண்டும். அறுபதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இந்தப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984இல் இது கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 42.

சரி, வயசு என்றே வைத்துக்கொள்வோம். வயசால் விளக்க முடியாததை என்ன செய்வது? குணத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். முகத்தசை இறுகினால், "மருமகளைக் கண்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாரு." இந்த நோயில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும், வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று காசோலை திரும்பினால் மகன் சத்தம் போடுவான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, காலையில் டீக்கடை வரை நடந்து போன மனுசர் பதினொரு மணிக்கு நாற்காலியை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருப்பதுதான். "கடைக்குப் போகத் தெரியுது, பாத்ரூம் போகத் தெரியாதா? வேணும்னே பண்றாரு."

வேணும்னே பண்ணுவதில்லை. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை உடம்பில் வேலை செய்யும் நேரம் உண்டு, வடிந்துபோகும் நேரமும் உண்டு. எட்டு மணி மாத்திரை என்றால் எட்டு மணிக்கே கொடுக்க வேண்டும்; சீரியல் முடிந்த பிறகு கொடுத்தால் அவர் அன்றைய பொழுதை நாற்காலியில்தான் கழிப்பார். பாலோடும் பருப்போடும் சேர்த்துக் கொடுத்தால் புரதம் மருந்தோடு மல்லுக்கு நிற்கும். அதே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுத்தால் பலருக்கு நன்றாகப் பிடிக்கிறது. படிக்கட்டில் ஏறிவிடுகிறவர் வாசலைத் தாண்டும்போது கால் தரையோடு ஒட்டி நின்றுவிடுவார். நடிக்கிறார் என்று சொல்ல வேறென்ன வேண்டும்? அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் விழுவார். தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு, "இதைத் தாண்டுங்கப்பா" என்றால் பலருக்குக் கால் எழும். இதையெல்லாம் வீட்டில் யாராவது கற்றுக்கொள்ள வேண்டும். நோய் என்று ஒத்துக்கொண்டால்தானே கற்றுக்கொள்ளத் தோன்றும்?

செத்துப்போன ஆத்தா ராத்திரியில் வாசலில் நிற்பதாக அவர் சொன்னால், "கூப்பிட வந்துட்டாங்க" என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போகிறது. நோயாலும் அப்படித் தெரியலாம், மாத்திரை அளவாலும் தெரியலாம், வெறும் சிறுநீர்த் தொற்றாலும் தெரியலாம். மூன்றுக்குமே மருத்துவத்தில் வழி உண்டு. பாண்டி கோயிலுக்குப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. போகிற வழியில் லேபில் சிறுநீரைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

நடுக்கமும் தடுமாற்றமும் எல்லாமே பார்க்கின்சன்தான் என்றும் சொல்லவில்லை. தலைசுற்றலுக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் சின்னரிசின், மாதக்கணக்கில் போட்டால், அச்சு அசல் இதே அறிகுறிகளை உண்டாக்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான். தைராய்டு, பி12 குறைவு, விழுந்து அடிபட்டு மண்டைக்குள் கசிந்த ரத்தம், மூளையில் நீர் கோத்துக்கொள்வது: சரிசெய்ய வாய்ப்புள்ள இத்தனையும் அந்த ஒற்றைப் பதிலுக்குள் புதைந்துபோகின்றன.

மதுரைக்காரர்கள் இந்தப் பதிலை நம்புவதுதான் எனக்கு ஆறவில்லை. "வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்" என்றுதான் இந்த ஊரும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களை வண்டியில் ஏற்றிவந்து, பார்வையோடு திருப்பி அனுப்பினார்கள். இன்று கிராமங்களில்கூடக் கண் மங்கினால் வயசு என்று விட்டுவிடுவது குறைந்துவிட்டது.

"புரையை எடுத்தால் தீர்ந்தது, இது தீராத வியாதியாச்சே" என்பார்கள். தீராதுதான். சர்க்கரை மட்டும் தீர்கிறதா? ரத்தக்கொதிப்பு? 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் அவற்றுக்கான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது; இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. வாசல்வரை வருகிற அந்தப் பணியாளர், பெரியவரைப் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அதற்கு அவருக்குப் பயிற்சி கொடு என்று கேட்க வேண்டிய நாம், அவரிடமும் அதே பதிலைச் சொல்லி அனுப்புகிறோம்.

தென்மாவட்டங்களில் "வயசாச்சு" என்ற இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முடியாமல் கிடக்கும் முதியவரை வீட்டாரே கொன்றுவிடும் தலைக்கூத்தலை வைத்துப் பிரியா கிருஷ்ணசாமி எடுத்த 'பாரம்' 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அந்தக் கதையின் பெரியவருக்கு வந்தது இடுப்பெலும்பு முறிவு. வைத்தியம் இருந்தது, செய்யவில்லை.

செலவுக்குப் பயந்தால் கோரிப்பாளையம் போங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவில் காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருங்கள். அப்பா வாசலில் நின்றுபோவதை முதல் நாளே செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் அவர் ஒழுங்காக நடந்து காட்டிவிடுவார். வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையும், சீட்டில்லாமல் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ராத்திரியில் அவரை எழுப்பிக் கூட்டிப்போகிறவர் யாரோ, அவரும் கூடப் போகட்டும். டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு வெளியூர் மகனுக்கு விடை தெரியாது.