வலிக்குக் காரணம் விதியா?



ஒரு பெண் வருஷக்கணக்காய் வலியால் துடிக்கின்றாள். இடுப்பு வலிக்கு எலும்பு வைத்தியர், வயிற்று வலிக்குக் குடல் வைத்தியர், தலைவலிக்கு நரம்பு வைத்தியர் என்று ஆளுக்கொரு திசையாய் அனுப்பப்படுகின்றாள். ஒவ்வொருவரும் ஒரு படமும் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்து, "என் பகுதியில் ஒன்றும் இல்லை" என்கின்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஐந்து பேருடைய "என் பகுதியில் இல்லை" என்பதைக் கூட்டி, "உடம்பிலேயே ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பிராந்தி" என்று தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

வெளியே வந்தால் ஜோசியன் காத்திருக்கின்றான். "பூர்வ ஜென்ம கர்மம், பரிகாரம் செய்" என்கின்றான். காரணம் தெரியவில்லை என்பதற்கும் காரணமே இல்லை என்பதற்கும் பேதம் அறியாதவன் பட்டம் பெற்றவனானால் என்ன, பஞ்சாங்கக்காரனானால் என்ன?

பெண் வலிக்கிறது என்றால் "ஹிஸ்டீரியா" என்பது வெகுகாலத்துப் பழக்கம். அந்தச் சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் உண்மை என்ன? கருப்பையின் உட்சவ்வைப் போன்ற சதை கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், பிள்ளை பெறும் வயதுடைய பெண்களில் 100க்குச் சுமார் 10 பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. சாதாரண ஸ்கேனில் இது பல சமயம் அகப்படுவதில்லை. மாதவிடாய் வலியை ஒருவரிடமும், மலம் கழிக்கும்போது வரும் வலியை மற்றொருவரிடமும் சொன்னால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

இது தீராத சங்கதியும் அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க இராணுவ ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து வைத்தியராயிருந்த ஜான் பொனிக்கா, தீராத வலியுடைய சிப்பாய்களைக் கண்டு, பல துறை வைத்தியர்கள் ஒன்றாய் உட்கார்ந்து யோசித்தாலொழிய வழியில்லை என்று உணர்ந்தார். 1953ல் அதைப் பற்றிப் பெரும் புத்தகம் எழுதினார். பிறகு சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில் அப்படியே ஒரு வலி வைத்தியசாலையும் நடத்திக் காட்டினார். 2022ல் அமுலுக்கு வந்த உலக நோய்ப் பட்டியலோ, 3 மாதத்திற்கு மேல் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத வலியையும் ஒரு நோயாகவே ஒப்புக்கொண்டு விட்டது. இதன் பிறகும் "ஒன்றும் இல்லை" என்பது வைத்தியமா, சோம்பேறித்தனமா?

ஆகவே நோயாளிகளே! வலி வரும் நாள், இடம், சாப்பிட்ட மருந்து யாவையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். எல்லாப் பரிசோதனைக் காகிதங்களையும் ஒரே கட்டாய் வையுங்கள். "இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துப் பொறுப்பு ஏற்பவர் யார்?" என்று தைரியமாய்க் கேளுங்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வாரத்திற்கு ஒரு வேளை நான்கு துறை வைத்தியர்கள் ஒரே மேஜையில் உட்காருவதற்கு எந்தச் சாஸ்திரம் தடையாயிருக்கின்றது? காசில்லாதவள் ஐந்து இடத்தில் ஐந்து தடவை கட்டணம் கட்டி, கடைசியில் பைத்தியக்காரி என்று பெயர் வாங்குவது வைத்தியத்திற்குக் கௌரவமா? யோசித்துப் பாருங்கள்.