டி.வி. பேசும்... பதில் பேசாது!

"ரெண்டு வயசுக் குழந்தைக்கு எந்த சேனல் போட்டா நல்லதுங்க?"

சேந்தமங்கலத்திலும் சரி, நாமக்கல், ராசிபுரம் பக்கமும் சரி... கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பொம்மைப் படமா, பாட்டா, மிருகங்கள் வருகிற நிகழ்ச்சியா? தமிழில் ஓடட்டுமா, இல்லை 'இங்கிலீஷ் வரட்டும்' என்று அதையே போட்டுவிடலாமா?

அக்கறை உள்ளவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. டி.வி. ஓடும்போது குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? 'யாரும் இல்லை' என்பது பதிலானால், எந்த சேனல் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை!

அப்போது டி.வி.யே தூங்கப் போகும்

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சாயந்திரம் சில மணி நேரம்தான் நிகழ்ச்சி, அதோடு சரி. 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது. ஊர் ஊராக கேபிள் இழுத்தார்கள். 2006-ல் அரசே இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. ஒரு கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2007-ல் குழந்தைகளுக்கென்றே சுட்டி டி.வி. வந்தது. இப்போது செல்போன். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு தானாக வந்து நிற்கிறது!

கவனித்தீர்களா? அன்றைக்கு நிறுத்தும் வேலையை ஒளிபரப்பு நிலையமே செய்தது. நிகழ்ச்சி முடிந்தது, பிள்ளை தூங்கப் போனது. இன்றைக்கு எதுவும் முடிவதே இல்லை. நிறுத்தும் பொறுப்பு நம் கைக்கு வந்துவிட்டது. 'எங்க காலத்துலயும்தான் டி.வி. பார்த்தோம், கெட்டா போயிட்டோம்?' என்று கேட்கும் பெரியவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

சீன மொழி கற்ற குழந்தைகள்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது. இரண்டு வயது நிறையும் வரை டி.வி., செல்போன் காட்டாமல் இருப்பதே நல்லது. இரண்டு முதல் நான்கு வயது வரை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது.

'பேச்சு சீக்கிரம் வரும்னுதானே போடறோம்?' என்பீர்கள். அமெரிக்காவில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். சில குழந்தைகளோடு சீனமொழிக்காரர் நேரில் உட்கார்ந்து, பொம்மையைக் காட்டி, புத்தகம் படித்து விளையாடினார். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசியதை வீடியோவில் காட்டினார்கள். மொத்தம் பன்னிரண்டே தடவை!

நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றிருந்தன. வீடியோவில் பார்த்த குழந்தைகளோ, சீன மொழியைக் கேட்காத குழந்தைகள் மாதிரியே இருந்தன. அதே பேச்சு, அதே குரல்... ஆனால் ஒன்றும் ஏறவில்லை!

காரணம் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. குழந்தை 'ங்கா' என்றால் நீங்கள் 'என்னடா கண்ணு?' என்கிறீர்கள். அது கை நீட்டும் பக்கம் திரும்பி, 'காக்காவா? பறந்து போயிடுச்சா?' என்கிறீர்கள். குழந்தை ஒன்று கொடுக்க, நீங்கள் ஒன்று திருப்பிக் கொடுக்கிறீர்கள். பேச்சு வளர்வது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். டி.வி. நாள் பூராவும் பேசும்... ஆனால் குழந்தைக்குப் பதில் பேசாது.

பெரியவங்க பார்க்கிற டி.வி.யும் கணக்குதான்

'எங்க குழந்தை டி.வி. பக்கமே திரும்பாதுங்க. நாங்கதான் சீரியல் பார்ப்போம்' என்று சொல்கிற வீடுகளும் உண்டு. சாயந்திரம் விளக்கு வைத்ததும் போட்டால், சாப்பிட்டுப் படுக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை பாட்டுக்கு ஒரு ஓரத்தில் விளையாடும். இதில் என்ன கெடுதல்?

இதையும் பரிசோதித்திருக்கிறார்கள். 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளை விளையாட விட்டு, பெரியவர்கள் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றை ஓட விட்டார்கள். பிள்ளைகள் டி.வி.யை எப்போதாவதுதான் பார்த்தன. இருந்தும், ஒரே பொம்மையோடு நிலைத்து விளையாடும் நேரம் குறைந்தது. எடுப்பதும் போடுவதுமாக ஆனது விளையாட்டு.

அடுத்த வருடம் வந்த இன்னொரு ஆய்வில், குழந்தைகளின் சட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி, காதில் விழும் பேச்சை எண்ணினார்கள். டி.வி. சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்களில் 770 குறைந்தன. சாயந்திரம் மூணு மணி நேரம் ஓடினால் எவ்வளவு ஆச்சு? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!

பெரியவர்களுக்கு சீரியலே கூடாது என்று சொல்ல வரவில்லை. நாள் முழுக்க உழைத்த அம்மாயிக்கும் அப்பாருக்கும் அது ஒரு ஆறுதல். 'இதுதான் நான் பார்க்கிறது' என்று ஒன்றைத் தீர்மானித்துப் பாருங்கள். அது முடிந்ததும் அணைத்துவிடுங்கள். யாரும் பார்க்காத டி.வி. சும்மா ஓட வேண்டாமே!

அம்மாவை மட்டும் குற்றம் சொல்லாதீங்க

இந்த விஷயம் பேச ஆரம்பித்தாலே, எல்லா விரலும் அம்மா பக்கம் நீளும். 'செல்போனைக் குடுத்து பழக்கினது யாரு?' என்பார்கள். இது நியாயமில்லை. நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். சிலர் தறி ஓட்ட வேண்டும். சிலர் கோழிப் பண்ணைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, ஆபீசுக்கோ ஓட வேண்டும். வீட்டுக்காரர் லாரியில் போனால் திரும்பி வர நாள் கணக்காகும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை அவர் என்னதான் செய்வார்?

'டி.வி. காட்டாதே' என்று சொல்கிறவர், 'நீ சமை, நான் பாத்துக்கறேன்' என்றும் சொல்ல வேண்டும். தாத்தா அரை மணி நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெருமாள் கோயில் வரை நடந்துவிட்டு வரட்டும். அப்பா வீட்டில் இருக்கிற நாளில் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டட்டும். ஆள் யாரும் இல்லாத நேரத்தில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, மூடி போட்ட டப்பா நாலைக் கொடுத்து உட்கார வையுங்கள். விழுங்குகிற மாதிரி சின்னப் பொருள் மட்டும் கூடாது. தட்டட்டும், உருட்டட்டும். சத்தம் கொஞ்சம் தாங்கித்தான் ஆக வேண்டும்! நீங்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, 'இது வெங்காயம்... அம்மாவுக்குக் கண்ணு எரியுது' என்று பேசிக்கொண்டிருங்கள். அதுதான் முதல் பாடம்.

சாப்பாட்டு நேரம்

'போன் இல்லாட்டி ஒரு வாய் இறங்காது' என்பது பல வீட்டுப் புலம்பல். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்பதே மனதில் பதியாது. வாய் திறக்கும், நாம் ஊட்டுவோம். பசியறிந்து சாப்பிடும் பழக்கம் அங்கேயே கெடுகிறது.

திண்ணையில் உட்கார வைத்து, தட்டில் கொஞ்சம் சோறு போட்டு, அதுவே அள்ளட்டும் என்று விடுங்கள். பாதி கீழே சிந்தும், பரவாயில்லை. காட்டுவதற்கு நம் ஊரில் என்ன குறைச்சல்? கிழக்கே கொல்லிமலை தெரிகிறது. 'மலை மேல மேகம் பாரு!' என்று ஒரு வாய். 'பஸ் எங்க போகுது? காரவள்ளிக்கா?' என்று ஒரு வாய். போதும் என்று தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். ஒரு வேளை குறைந்தால் குழந்தை இளைத்துவிடாது.

லாரியில் போன அப்பா

எல்லாத் திரையும் ஒன்றல்ல. அப்பா குஜராத்திலோ ஒரிசாவிலோ லாரியை நிறுத்திவிட்டு வீடியோ காலில், 'சாமி, சாப்பிட்டியா? அப்பாவுக்கு ஒரு முத்தா குடு!' என்கிறார். குழந்தை சிரிக்க, அவரும் சிரிக்கிறார். இங்கே பதில் இருக்கிறது! 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் நேரடி வீடியோ பேச்சில் புதுச் சொற்களைக் கற்றன. அதே மாதிரி முன்கூட்டிப் பதிவு செய்ததைக் காட்டியபோது கற்கவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொல்லும் இந்திய மருத்துவர்களும், சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆகவே, தூரத்தில் இருக்கும் அப்பாமார்களே, தாராளமாகப் பேசுங்கள். ஆனால், இந்தப் பக்கம் ஒரு பெரியவர் கூட இருக்கட்டும்.

ரெண்டு வயசுக்கு மேல்... எப்படித் தேர்ந்தெடுப்பது?

சேனல் பெயரைப் பார்க்காதீர்கள். குழந்தை பார்ப்பதற்கு முன் நீங்கள் பத்து நிமிஷம் பாருங்கள். இந்த நாலு விஷயத்தைக் கவனித்தால் போதும்.

1. காட்சி நிதானமாக நகர்கிறதா? கண் சிமிட்டுவதற்குள் மாறி மாறி வந்தால் வேண்டாம். 2011-ல் நடந்த ஓர் ஆய்வில், ஒன்பதே நிமிஷம் வேகமான கார்ட்டூன் பார்த்த நாலு வயதுப் பிள்ளைகள், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிட, பொறுமையும் கவனமும் தேவைப்பட்ட சோதனைகளில் பின்தங்கினார்கள்.

2. வீட்டில் இருக்கும் பொருள், மிருகம், மனுஷர்கள் வருகிறார்களா? பார்த்த பின் 'நம்ம வீட்டு நாய் எப்படிக் குரைக்கும்?' என்று நீங்கள் பேச இடம் இருக்க வேண்டும்.

3. அடி, உதை, கேலி, பெரியவர்களை எடுத்தெறிந்து பேசுவது இருக்கிறதா? பிள்ளை அப்படியே திருப்பிச் செய்யும். 'கார்ட்டூன்தானே' என்று விட வேண்டாம்.

4. முடிவு இருக்கிறதா? ஒரு கதை, ஒரு பாட்டு... முடிந்தால் முடிந்ததுதான். செல்போனில் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்தி வையுங்கள்.

கூடுமான வரை கைக்குள் அடங்கும் போனைவிட, கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் டி.வி.யே மேல். போனில் பார்க்கும் பிள்ளை தனியாகிவிடுகிறது. டி.வி. என்றால் பக்கத்தில் நாமும் உட்காரலாம்.

நிறுத்துவது எப்படி?

நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். 'இந்தக் கதை முடிஞ்சா டி.வி.க்கு டாட்டா!' பாதியில் பிடுங்கினால் எந்தக் குழந்தையும் வீறிடும். முடிந்ததும் பொத்தானை அதுவே அமுக்கட்டும். உடனே வேறு வேலை தயாராக இருக்க வேண்டும்: தண்ணீர் ஊற்ற ஒரு செடி, பார்க்க ஒரு கோழிக்குஞ்சு, ஏறி விளையாட அப்பா முதுகு. 'அழாம இருந்தா போன் தருவேன்' என்று லஞ்சமாக மட்டும் கொடுக்காதீர்கள். அழுதால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்! படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையும் அணையட்டும். தூக்கம் நன்றாக வரும்.

ஏற்கெனவே பழகிவிட்டதா? பயப்பட வேண்டாம். முதலில் சாப்பாட்டு நேரத்தில் நிறுத்துங்கள். அது படிந்த பிறகு படுக்கை நேரம். அப்புறம் மற்ற நேரம். சில நாள் ரகளை இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்பது முக்கியம். அம்மா மறுக்க, பாட்டி ரகசியமாகக் கொடுத்தால் கதை கந்தல்தான்!

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, ரெண்டு வயதில் 'அம்மா வா', 'பால் குடு' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை என்றால், 'டி.வி.யாலதான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்றும் விட்டுவிடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் பரிசோதியுங்கள். அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம்.

நல்ல நிகழ்ச்சியைத் தேடி சேனல் சேனலாக மாற்றுவது இருக்கட்டும். இன்று சாயந்திரம் அரை மணி நேரம் டி.வி.யை அணைத்துவிட்டு, பிள்ளை எதிரே தரையில் உட்காருங்கள். அது என்ன சொல்கிறதோ, அதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த வயசுக்கு அதைவிட நல்ல நிகழ்ச்சி எந்த சேனலிலும் வராது!