வாய்க்கரிசி வேண்டாம், வேலை வேண்டும்!

அந்நியச் சரக்கு வந்து குவிகிறது, ஆலை மூடப்படுகிறது. இருபது வருஷம் உழைத்த தொழிலாளி தெருவில் நிற்கிறான். அவனுக்குச் சர்க்கார் உதவ வேண்டுமா? வேண்டும் என்பதே நம் பதில். ஆனால் எப்படிப்பட்ட உதவி? எப்போது? யாருடைய தயவில்? இக்கேள்விகளுக்கு அமெரிக்காவின் அறுபதாண்டு அனுபவம் தக்க பாடம் தருகிறது. முதலாளித்துவத்தின் சொர்க்கம் என்று புகழப்படும் நாட்டில் இந்த வாக்குறுதி என்ன கதி அடைந்தது என்பதை நம் தொழிலாளர்கள் அறிய வேண்டும்.

இந்த யோசனை மந்திரிகளின் மூளையில் உதித்ததல்ல. 1954-ல், ஐசன்ஹோவர் ஜனாதிபதியாக இருந்தபோது, உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்ட் வர்த்தகக் கொள்கைக் கமிஷனில் இதை முன்வைத்தார். நாட்டு நன்மைக்காக இறக்குமதி வரியைக் குறைப்பதென்றால், அதன் நஷ்டத்தைச் சில ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் சுமப்பது என்ன நியாயம்? கமிஷன் இதை ஏற்கவில்லை. 1962-ல் வரிகளைக் குறைக்கும் அதிகாரம் ஜனாதிபதி கென்னடிக்குத் தேவைப்பட்டது. அதற்குத் தொழிற்சங்கங்களின் ஆதரவும் தேவைப்பட்டது. உடனே வர்த்தக விஸ்தரிப்புச் சட்டத்தில் நிவாரணமும் இடம் பெற்றது. கூலியில் 65 சதவீதம் வரை, 52 வாரம் உதவித்தொகை, மறுபயிற்சி என்றெல்லாம் எழுதிவைத்தார்கள்.

எழுதிவைத்ததோடு சரி! 1969 நவம்பர் வரை ஒரு தொழிலாளர் மனுகூட ஏற்கப்படவில்லை. இறக்குமதி பெருகியதற்கு வரிக்குறைப்பே பிரதான காரணம் என்று நிரூபிக்க வேண்டும். வேலை போனதற்கு அந்த இறக்குமதியே பிரதான காரணம் என்றும் நிரூபிக்க வேண்டும். இதுவே சட்டம் விதித்த நிபந்தனை. வரியைக் குறைக்கும் அதிகாரம் சர்க்காருக்குக் கையெழுத்தான அன்றே கிடைத்தது. தொழிலாளிக்குக் கஞ்சி கிடைக்க ஏழு ஆண்டு ஆயிற்று! இதை ஈமச்சடங்கு இன்ஷூரன்ஸ் என்று அமெரிக்கத் தொழிற்சங்கத்தார் ஏசியதில் வியப்பென்ன?

1974-ல் நிபந்தனை தளர்ந்தது. 1980-ல் மோட்டார் தொழிலாளர்கள் பெருவாரியாக வேலை இழந்தபோது, நிவாரணச் செலவு சுமார் 160 கோடி டாலராயிற்று. அதாவது, திட்டம் உண்மையிலேயே பயன்படத் தொடங்கியது. அதுதான் குற்றமாகிவிட்டது! 1981-ல் ரீகன் சர்க்கார் கத்தியை எடுத்தது. வாரத் தொகை சாதாரண வேலையற்றோர் நிவாரண அளவுக்குக் குறைக்கப்பட்டது. அதுவும் அந்த நிவாரணம் தீர்ந்த பிறகே கிடைக்கும் என்றாக்கப்பட்டது.

ஆனால் பணத்தின் அளவு மட்டுமல்ல பிரச்னை. ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரைப் பாருங்கள். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. அங்குள்ள கேம்பெல் உருக்காலை மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. பழி அந்நிய உருக்கின் மீது போடப்பட்டது. 1969-ல் அந்த ஆலைக் கம்பெனியைக் கைப்பற்றிய லைக்ஸ் முதலாளிகள், பழைய உலைகளைப் புதுப்பிக்கத் தேவையான முதலைப் போட்டார்களா? இல்லை. பாலைக் கறந்தார்கள், மாட்டுக்குப் புல் போடவில்லை.

தொழிலாளர்களும் பாதிரிமார்களும் ஊராரும் சேர்ந்து, ஆலையைத் தாங்களே வாங்கி நடத்த முன்வந்தார்கள். அதற்குச் சர்க்காரின் கடன் ஜாமீனைக் கேட்டார்கள். 1979-ல் கார்ட்டர் சர்க்கார் கையை விரித்தது. அதே சர்க்கார், 1980 ஜனவரியில் கிரைஸ்லர் மோட்டார் கம்பெனிக்கு 150 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றது! வேலையின்றி வீட்டிலிருக்கத் தொழிலாளிக்கு உதவித்தொகை உண்டு. ஆலையை ஏற்று நடத்த உதவி கிடையாது. இந்த நிவாரணத்தின் வர்க்க குணம் இங்கேதான் அம்பலமாகிறது.

பிற்கால அனுபவமும் இதையே சொல்கிறது. 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் அமெரிக்காவில் 20 லட்சத்துக்குக் குறையாத வேலைகள் போயின என்று பொருளாதார நிபுணர்களே கணக்கிட்டார்கள். அடிபட்ட வட்டாரங்களில் இந்த நிவாரணத்தைவிட, உடல் ஊனமுற்றோர் உதவித்தொகையே பன்மடங்கு அதிகமாக உயர்ந்தது என்பதையும் 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இப்படிச் சொன்னவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல!

முடிவு என்ன? சட்டத்தின் ஆயுளை அமெரிக்கக் காங்கிரஸ் நீட்டிக்கத் தவறியது. 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்கு அனுமதி நின்றது. 2025-ல் இறக்குமதி வரிகளை வாரி உயர்த்திய டிரம்ப் சர்க்கார், தொழிலாளிக்காகவே இதைச் செய்கிறோம் என்றது. அந்த ஆண்டும் இத்திட்டத்துக்கு உயிர் வரவில்லை. அதே வரி, ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீதமாக ஏறியபோது, திருப்பூர் பனியன் தொழிலாளி வேலைக்காகத் தவித்தான். அமெரிக்கத் தொழிலாளியின் வேலையைப் பறித்தவன் இவனல்ல. இவன் வேலையை ஆட்டிவைத்தவன் அவனுமல்ல. இருவரின் வயிற்றிலும் அடிப்பது ஒரே லாபவெறி.

நிவாரணத்தை நாம் இகழவில்லை. பசித்த குடும்பத்துக்கு ஒவ்வொரு காசும் தேவை. ஆனால் அது பிச்சையாக அல்ல, உரிமையாக வர வேண்டும். காரணம் இறக்குமதியா, இயந்திரமா, முதலாளியின் சூதா என்று பார்க்காமல், வேலை போன அன்றே வர வேண்டும். பயிற்சி என்றால் அதன் முடிவில் வேலை இருக்க வேண்டும். ஆலையை மூடுமுன் கணக்குகளைத் தொழிலாளர் முன் திறந்து காட்ட வேண்டும். முதலாளி ஓடினால், ஆலையை ஏற்று நடத்தத் தொழிலாளர்களுக்குச் சர்க்கார் கடன் தர வேண்டும்.

எந்த நாட்டிலும் இவை சர்க்காரின் கருணையால் கிடைக்கப்போவதில்லை. ஏழாண்டு காத்திருந்து ஏமாந்தவர்களின் பாடம் அதுவே. சங்கத்தின் பலமே தொழிலாளியின் ஜாமீன்!